எதுவீனா ஊதாத காய்

பர்க்கேஸ் ஆட்டத்தில் இரக்கத்துக்கு இடமில்லை. அதுவும் சொக்கோரோ ஊரில் ஆடுகிற பர்க்கேஸில் அறவே இல்லை. பகடை இரண்டு. ஆளுக்கு நான்கு காய். நான்கும் முதலில் சிறையில் கிடக்கும். இரண்டு பகடையிலும் ஒரே எண் விழுந்து ஜோடி சேர்ந்தால்தான் வெளியே வரும். வந்த காய் பலகையை ஒரு சுற்றுச் சுற்றி நடுவீட்டில் ஏறிப் பழமாக வேண்டும். வழியில் அடுத்தவர் காய் நிற்கிற கட்டத்தில் சரியாகப் போய் இறங்கினால் அதை வெட்டிச் சிறைக்கு அனுப்பலாம். இதெல்லாம் எந்த ஊர் ஆட்டத்திலும் உள்ளதுதானே என்பீர்கள். பொறுங்கள். எங்கள் ஆட்டத்தில் வெட்டலாம் என்ற பேச்சே கிடையாது, வெட்டியே தீர வேண்டும். வெட்ட வழியிருந்தும் வெட்டாமல் வேறு எதையாவது நகர்த்தினால், அடுத்த ஆள் பகடையைத் தொடுவதற்குள் மேசையில் இருக்கிற யார் வேண்டுமானாலும் “ஊதினேன்!” என்று கத்தலாம். வெட்டத் தவறிய காயின் தலையில் ஃபூ என்று ஊதி அதைத் தூக்கிச் சிறையில் போடலாம். கவனிக்காமல் விட்டாலும் அதே தண்டனை, பாவம் பார்த்து விட்டாலும் அதே தண்டனை.

அப்படி ஊதுவதில் எதுவீனாவை மிஞ்ச சந்தைத் தெருவில் ஆள் கிடையாது. அரேப்பா சுட்டு விற்கிறவள். நாற்பத்தேழு வயது, குட்டையான உருவம், அடுப்புச் சாம்பல் ஏறிய கை. மக்காச்சோளத்தைச் சாம்பல் தண்ணீரில் வேகவைத்துத் தோலுரித்து, பன்றிக்கொழுப்புத் துணுக்குகளைச் சேர்த்து அரைத்து, மண் ஓட்டில் அவள் போடுகிற மஞ்சள் அரேப்பாவுக்காக பஸ் டிரைவர்கள் வண்டியை நிறுத்துவார்கள். ஆனால் ஊரில் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அரேப்பா அல்ல, கண். பகடை உருண்டு நின்றதும் மற்றவர்கள் அவரவர் காயைப் பார்ப்பார்கள். அவள் அடுத்தவர் காயைப் பார்ப்பாள். முதல் பகடை ஒன்று, இரண்டாவது ஒன்று, இரண்டின் கூட்டு ஒன்று, ஆக ஒவ்வொரு வீச்சுக்கும் மூன்று எண். அந்த மூன்றும் மேசையில் இருக்கிற பதினாறு காய்க்கும் என்ன செய்யும் என்பது, பகடை ஆடி அடங்குவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிடும். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷமாக ஞாயிறு தவறாமல் ஆடுகிறாள். இத்தனை வருஷத்தில் அவள் கண்ணுக்குத் தப்பிய வெட்டும் இல்லை, அவளை யாரும் ஊதியதும் இல்லை.

இந்தக் கண் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்றால், பட்டினியில் வந்தது. மலைமேல் கற்றாழை நார் உரிக்கிற குடும்பத்தில் பிறந்து, பதினாலு வயதில் ஊருக்குள் ஒரு பெரிய வீட்டு வேலைக்கு வந்தாள். அந்த வீட்டு அம்மாக்கள் ஞாயிற்றுக்கிழமை ஆடும்போது, சாக்லேட் கோப்பையை ஏந்திக்கொண்டு பின்னால் நிற்பாள். அவர்கள் தவறவிடுகிற வெட்டெல்லாம் இவளுக்குத் தெரியும். வாயைத் திறக்கக் கூடாது. ஒரே ஒருநாள் தாங்க முடியாமல் “ஊதுங்க அம்மா, ஊதுங்க!” என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்காரம்மா திரும்பிப் பார்த்து, “வேலைக்காரி ஊதுற அளவுக்கு எங்க வீட்ல காத்துப் பஞ்சம் வந்துடுச்சா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சூடான கோப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதுவீனா நின்றாள். பத்து வருஷம் அப்படி நின்றாள்.

பிறகு நாவிதர் மிசாயெலைக் கட்டினாள். சொந்த வீடு, சொந்த மேசை, கண்ணாடி பதித்த சொந்தப் பலகை. கல்யாணமான முதல் ஞாயிற்றுக்கிழமையே புருஷனின் காயை ஊதினாள். தெருமுனைவரை கேட்டதாம் அந்தச் சத்தம்.

மிசாயெல் நல்ல மனுஷர். கத்தி பிடிக்கிற கை என்பதால் பதறாது, அதிகம் பேசவும் மாட்டார். ஆட்டத்தில் மட்டும் ஈவிரக்கம் கிடையாது. கல்யாணமான புதிதிலேயே எதுவீனாவின் காயை வெட்டு வெட்டென்று வெட்டுவார். பழமாக ஒரே ஒரு கட்டம் இருக்கும் காயையும் எட்டிப் பிடித்து வெட்டுவார். வேறு பெண்ணாக இருந்தால் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருப்பாள். எதுவீனா பெருமைப்பட்டாள். “எங்க வீட்டுக்காரர் பொண்டாட்டின்னு பாக்க மாட்டார். என்னையும் ஒரு ஆளா மதிச்சு வெட்டுறார்ல? அதான் மரியாதை” என்று அரேப்பா வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். உண்மையாகவே அப்படித்தான் நம்பினாள், சொராய்தா வரும்வரை.

சொராய்தா, பின்கட்டு அறைக்கு வாடகைக்கு வந்த தையல்காரி. பராங்கா பக்கம் ஆற்றோரத்துப் பெண். புருஷன் படகோட்டி, மக்தலேனா ஆறு அவனைக் கொண்டுபோய் மூன்று வருஷமாகிறது. வயது முப்பத்தெட்டு, கேட்டதற்கு மட்டும் பதில், பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் பிழைப்பு. பார்க்க எப்படியிருப்பாள் என்கிறீர்களா? எதுவீனாவைக் கேட்டால் “என்ன பெரிய அழகு, கொக்கு மாதிரி கழுத்து” என்பாள். அந்தக் கழுத்து நன்றாகத்தான் இருந்தது.

அவளை ஆட்டத்துக்குக் கூப்பிட்டதும் எதுவீனாதான். அதை நினைத்து நினைத்துப் பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டாள். மேசைக்கு நான்கு பேர் வேண்டும். எதுவீனாவும் மிசாயெலும் இரண்டு. மூன்றாவது கறிக்கடை எலியேசர். இவர்கள் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர். அந்த முறையில் அவர் இவர்களுக்குக் கொம்பாத்ரே, எதுவீனா அவருக்குக் கொமாத்ரே. நான்காவது எலியேசரின் மனைவி. அந்த அம்மாள் பேரன் பிறந்தான் என்று புக்காரமங்காவுக்குப் போனவள், போனவள்தான். நாற்காலி காலியாகக் கிடந்தது. “பின்கட்டுல ஒரு ஆள் சும்மாத்தானே இருக்கு, கூப்பிடுவோம்” என்று எதுவீனா போய்க் கதவைத் தட்டினாள். விதி யாரை விட்டது?

சொராய்தா நன்றாகவே ஆடினாள். நிதானமான ஆட்டம். ஒரு காயைச் சிறைவாசலிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு, கடந்து போகிறவர்களின் முதுகைப் பிடிப்பாள். அடுத்தவர் காய்க்கு முன்னால் ஆறு கட்டத்துக்குள் முடிந்தவரை நிற்க மாட்டாள், அங்கே ஒற்றைப் பகடையே வெட்டிவிடும் என்பதால். “பரவால்லையே, ஆத்துக்காரங்களுக்குக் கணக்கு வருதே” என்று எலியேசர் மெச்சினார். எதுவீனாவும் சிரித்தாள். அப்போது சிரிப்பு வந்தது.

மூன்றாவது ஞாயிறு அது நடந்தது. மழைக்காலம், எங்கள் ஊரில் கொறிக்கிற வறுத்த எறும்பு மேசை நடுவே கிண்ணத்தில் இருந்தது. மிசாயெல் பகடையை உருட்டினார், ஐந்தும் இரண்டும். அவருடைய நீலக் காய்க்கு நேர் ஐந்து கட்டம் முன்னால், பத்திரக் கட்டம் அல்லாத வெற்றுக் கட்டத்தில், சொராய்தாவின் மஞ்சள் காய் நின்றது. சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற வெட்டு. எதுவீனாவுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் மிசாயெலின் விரல் நீலக் காய்மேல் போய், ஒரு கணம் நின்று, விலகியது. வேறொரு காயை எடுத்து ஏழு கட்டம் நகர்த்தினார். எலியேசர் எறும்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். மிசாயெல் யாரையும் பார்க்கவில்லை.

எதுவீனா “ஊதினேன்” என்று சொல்லவில்லை. ஊதியிருக்கலாம். ஊதினால் என்ன ஆகும்? காய் சிறைக்குப் போகும், அவ்வளவுதானே? அவ்வளவுதான் இல்லை. எலியேசர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கேட்பார், “என்ன கொம்பாத்ரே, பொண்டாட்டியையே விடாத ஆளு இவங்களை ஏன் விட்டீங்க?” என்று. அந்தக் கேள்வி மேசைமேல் வந்துவிட்டால் அதற்கு ஒரு பதிலும் வந்தாக வேண்டும். அந்தப் பதிலை நான்கு பேர் நடுவில் உட்கார்ந்து கேட்க அவளால் முடியாது. எலியேசர் பகடையை எடுத்துவிட்டார். நேரம் போய்விட்டது. இருபத்து மூன்று வருஷத்தில் முதல்முறையாக எதுவீனா ஒரு காயை ஊதாமல் விட்டாள்.

அன்றிலிருந்து பிடித்தது வயிற்றெரிச்சல். சொல்லவும் முடியாது, மெல்லவும் முடியாது. அரேப்பாவைக் கருக விட்டாள். மூன்று பேருக்கு மீதிச் சில்லறையை மாற்றிக் கொடுத்தாள். முன்பெல்லாம் கண்ணில் படாதது எல்லாம் இப்போது பட்டது. மிசாயெல் சனிக்கிழமை மாலை தனக்கும் ஒருதரம் சவரம் செய்துகொள்கிறார். பின்கட்டு ஜன்னல் கொக்கியைப் பழுது பார்க்கிறேன் என்று ஒரு மணி நேரம் நின்றார். இவள் சமையலறைக் கதவு எட்டு மாதமாகத் தொங்குகிறது. சொராய்தா “நன்றிங்க, தோன் மிசாயெல்” என்று மரியாதைப் பட்டம் வைத்துச் சொன்னால், அவர் ஏதோ தொப்பி வைத்திருப்பதுபோல நெற்றியைத் தொடுகிறார். எங்கள் ஊரில் புருஷன் பொண்டாட்டி, அண்ணன் தம்பி, நாய் பூனை எல்லோருக்கும் ‘நீங்க’தான். “சனியன் பிடிச்ச நாயே, வெளிய போங்க” என்றுதான் விரட்டுவோம். ஆனாலும் மிசாயெல் சொராய்தாவைச் சொல்கிற ‘நீங்க’ வேறு மாதிரி, கொஞ்சம் மெத்தை போட்ட மாதிரி எதுவீனாவுக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் இப்போது அவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்தாவது ஞாயிறு மறுபடி விட்டார். அடுத்ததில் விடவில்லை, வெட்டினார். அன்றைக்கு எதுவீனா குழந்தைபோல் சந்தோஷப்பட்டு, ராத்திரிச் சாப்பாட்டில் அவருக்கு இரண்டு முட்டை வைத்தாள். அதற்கடுத்ததில் இரண்டு தரம் விட்டார். போட்ட முட்டை வீண்.

ஊத முடியாதவள் என்ன செய்வாள்? வெட்டினாள். சொராய்தாவின் காய் எங்கே இருந்தாலும் அதைத் துரத்தினாள். தான் ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த சட்டத்தையெல்லாம் தானே காற்றில் விட்டாள். பத்திரமான கட்டத்தில் இருக்கிற காயைக் காரணமில்லாமல் எடுக்கக் கூடாது என்பாள், எடுத்தாள். நான்கு காயையும் ஒரே நேரத்தில் வெளியே பரப்பக் கூடாது என்பாள், பரப்பினாள். மஞ்சள் காய் சிறைக்குப் போனால் போதும், தன் காய் எக்கேடு கெட்டாலும் சரி. ஆறு ஞாயிறு தொடர்ந்து கடைசியாக வந்தாள்.

“என்ன கொமாத்ரே, நீங்க பர்க்கேஸ் ஆடுறீங்களா, கோழி விரட்டுறீங்களா?” என்றார் எலியேசர்.

“உங்க வேலையப் பாருங்க கொம்பாத்ரே. கோழி யாருன்னு கடைசியில தெரியும்.”

சொராய்தா வெட்டு வாங்கிய காயைப் பேசாமல் எடுத்துச் சிறையில் வைப்பாள். முகம் கோணாது. அந்தக் கோணாத முகம் எதுவீனாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டினாலாவது பரவாயில்லையே!

ஒருநாள் சோதித்தும் பார்த்தாள். வேண்டுமென்றே தன் சிவப்புக் காயைக் கொண்டுபோய் மிசாயெலின் ஒரு காய்க்கு ஐந்து கட்டம் முன்னால் வைத்தாள். ஏற்கெனவே அவருடைய இன்னொரு காய்க்கு ஐந்து கட்டம் முன்னால் சொராய்தாவின் காய் நின்றது. மிசாயெல் உருட்டினார். ஐந்தும் ஒன்றும் விழுந்தது. ஐந்து ஒரே பகடையில்தான் இருக்கிறது. ஒருவரைத்தான் வெட்ட முடியும். சட்டப்படி யாரை வெட்டினாலும் சரி. எதுவீனா மூச்சை நிறுத்திக்கொண்டு அவர் விரலைப் பார்த்தாள். யோசித்தாலாவது மனசு ஆறியிருக்கும். மனுஷர் யோசிக்கவே இல்லை. டக்கென்று அவள் காய் விழுந்தது.

“சிறைக்குப் போங்க, எதுவீனா” என்று சிரித்தார், இருபத்து மூன்று வருஷமாகச் சிரிக்கிற அதே சிரிப்பு.

அதை ஊத முடியாது. வெட்டித்தானே இருக்கிறார்? அவள் காயை எடுத்துச் சிறையில் வைத்தாள். மரியாதை, மரியாதை என்று இத்தனை நாள் கொண்டாடியது இதைத்தானா என்று முதல்முறையாகத் தோன்றியது. அவர் நினைத்தால் விடத் தெரிந்தவர்தான். இவளைத்தான் விட்டதில்லை.

அந்த வாரம் முழுக்கத் திட்டம் போட்டாள். வருகிற ஞாயிறு ஊதுவது. பேர் சொல்லி, காரணம் சொல்லி ஊதுவது. எலியேசர் கேட்கட்டும், தெருவே கேட்கட்டும். ஊதின கையோடு சொராய்தாவிடம் மாதக் கடைசிக்குள் அறையைக் காலி பண்ணச் சொல்வது. வீடு இரண்டானாலும் சரி, தலைக்குமேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? சோளத்தை அரைக்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். “ஊதினேன் மிசாயெல். ஏன் வெட்டலன்னு இவங்க எல்லாருக்கும் சொல்லுங்க.” அரைக்கிற இயந்திரத்தின் கைப்பிடியே அவள் வேகத்துக்குக் கழன்றுவிட்டது.

ஞாயிறு வந்தது. மதியம் ‘முத்தே’ சூப் குடித்துவிட்டு நால்வரும் உட்கார்ந்தார்கள். எதுவீனா வெள்ளை ரவிக்கை போட்டிருந்தாள், கோர்ட்டுக்குப் போகிற மாதிரி. மிசாயெல், எலியேசர், சொராய்தா, எதுவீனா, இதுதான் வரிசை. ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எலியேசர் இரண்டு காயைப் பழமாக்கிவிட்டார். பிறகு மிசாயெல் உருட்டினார், ஆறும் மூன்றும். மூன்று கட்டத்தில் மஞ்சள் காய், அதுவும் சொராய்தாவின் நான்காவது காய்; மற்ற மூன்றும் பழமாகிவிட்டன. அதை வெட்டினால் முதலிலிருந்து சுற்றி வர வேண்டும். மிசாயெலின் விரல் போனது, நின்றது, விலகியது. வேறொரு காயை ஒன்பது நகர்த்தினார்.

எலியேசரின் கை பகடைக்கு நீண்டது. எதுவீனா நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

அதற்குள் இன்னொரு கை பகடைமேல் விழுந்து மூடிக்கொண்டது. நீளமான விரல், ஊசி குத்திய தழும்புகள்.

“கொஞ்சம் பொறுங்க, தோன் எலியேசர்” என்றாள் சொராய்தா. “ஊதினேன்.”

“யாரை?” என்றார் எலியேசர், ஒன்றும் புரியாமல்.

“தோன் மிசாயெலை. மூணு விழுந்துச்சு. மூணுல என் காய் நின்னுச்சு. வெட்டியிருக்கணும், வெட்டல.” குனிந்து நீலக் காயின் தலையில் மெல்ல ஊதினாள். எடுத்து அவருடைய சிறையில் வைத்தாள்.

எலியேசர் வாய்விட்டுச் சிரித்தார். “அட, தப்பிச்ச ஆளே ஊதுதே! என் ஆயுசுக்கும் பாத்ததில்ல. உங்களுக்குத்தானம்மா லாபம், பேசாம இருந்திருக்கலாமே?”

“லாபம் எனக்கு வேண்டாம்ங்க.” அவள் மிசாயெலைப் பார்த்துத்தான் பேசினாள், குரலை உயர்த்தாமல். “மொத தடவை, புதுசா வந்தவன்னு விட்டீங்கன்னு நெனச்சேன். ரெண்டாந்தடவை கண்ணு தெரியலன்னு நெனச்சேன். இது ஏழாவது. என் வீட்டுக்காரர் போனதிலேர்ந்து ஆளாளுக்கு எனக்கு எதையாவது விட்டுக்கொடுக்க வர்றாங்க. சும்மா யாரும் விட்டுக்கொடுக்கல. அதான் பராங்காவை விட்டே வந்தேன்.”

மிசாயெலின் காது இரண்டும் சிவந்தன. அவர் எறும்புக் கிண்ணத்தை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார். பதறாத கைக்கு அன்று பதற்றம் வந்ததை எதுவீனா பார்த்தாள். அப்படியானால் அவள் நினைத்தது பொய்யில்லை. மெய்தான். மெய் என்று தெரிந்தபோது, அவள் எதிர்பார்த்த கோபம் வரவில்லை.

சொராய்தா இவள் பக்கம் திரும்பினாள். “உங்களைத்தாங்க எனக்குப் புரியல, தோன்யா எதுவீனா. உங்க கண்ணுக்கு ஈ எறும்பு தப்பாதுன்னு ஊரே சொல்லுது. நீங்க ஊதுவீங்க, ஊதுவீங்கன்னு ஒவ்வொரு வாரமும் பாத்தேன். ஊதல. சரி, புருஷனும் பொண்டாட்டியும் பேசி வெச்சுக்கிட்டு விதவைக்குப் பிச்சை போடுறாங்கன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா நீங்க என்னை வெட்டித் தள்ளுறீங்க. அது எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? ஒரு ஆளாவது ஒழுங்கா ஆடுதேன்னு.”

எதுவீனாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மாசக்கணக்கில் கரித்துக் கொட்டியதை இந்தப் பெண் நிம்மதி என்கிறாள்! தான் செய்யத் துணியாததை, வாடகைக்கு வந்தவள், போக வேறு இடம் இல்லாதவள், பகடையைப் பொத்திக்கொண்டு செய்துவிட்டாள். அந்த ஊதல் என்னுடையது, என்னுடையது என்று எதுவீனாவின் உள்ளே ஒரு குரல் அடித்துக்கொண்டது. புருஷனைப் பறிக்க வந்தவள் என்று பயந்தாள். வந்தவளோ புருஷனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூச்சைப் பறித்துக்கொண்டாள்.

“ஆட்டம் நடக்குதா இல்ல பூசை நடக்குதா?” என்று எலியேசர் பகடையைக் கேட்டார். உருட்டினார். சொராய்தா உருட்டினாள், காய் நாலு கட்டம் நகர்ந்து எதுவீனாவின் சிவப்புக் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் போய் நின்றது. எதுவீனாவின் முறை. உருட்டினாள், நாலும் மூன்றும்.

மூன்றில் வெட்டலாம். வெட்டினால் சொராய்தாவின் கடைசிக் காய் சிறைக்குப் போகும். போன வாரமாக இருந்தால் பகடை நிற்கும் முன்பே வெட்டியிருப்பாள். இப்போது கை வரவில்லை. வெட்கமா, நன்றியா, என்ன கண்றாவியோ, வேறொரு காயை எடுத்து ஏழு கட்டம் வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது.

“ஊதினேன்” என்றாள் சொராய்தா. அதே குரல், கூட்டல் குறைச்சல் இல்லை. “இப்பத்தானே சொன்னேன், தோன்யா எதுவீனா?” ஃபூ. சிவப்புக் காய் சிறைக்குப் போனது.

எலியேசர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். எதுவீனாவை ஊதிவிட்டார்கள்! எதுவீனாவின் நெற்றிவரை ரத்தம் ஏறியது.

“என்னையேவா? என் வீட்ல, என் மேசையில உக்காந்து, என்னையே ஊதுறீங்களா?”

“விதி இதுதானே?”

“விதி எனக்குத் தெரியாதா? நீங்க பொறக்கிறதுக்கு முன்னாடி நான் பகடை பார்த்தவ!”

“அப்ப வெட்டியிருக்க வேண்டியதுதானே?”

“அடுத்த தடவை வெட்டுவேன் பாருங்க! சிறைவாசல் தாண்ட விட மாட்டேன். கொக்குக் கழுத்தை நீட்டிக்கிட்டு வந்துட்டாங்க ஊதுறதுக்கு!”

“வெட்டுங்க” என்றாள் சொராய்தா. அவள் பல் தெரியச் சிரித்ததை அந்த வீடு அன்றுதான் பார்த்தது.

பொறாமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். எங்கே போகும்? அந்த நிமிஷம் எதுவீனா அவள்மேல் பட்ட பொறாமையைத் தராசில் வைத்தால் தட்டு அறுந்துவிடும். அந்தக் கண், அந்தக் கை, அந்த நிதானம், எல்லாம் எனக்கல்லவா இருந்தது என்று வெந்தாள். ஆனால் இது வேறு ரகம். இதோடு உட்கார்ந்து சாப்பிடலாம், சோறு இறங்கும். அறையைக் காலி பண்ணச் சொல்கிற பேச்சு அவள் வாயில் வரவே இல்லை. பிறகு ஆட்டம் சூடு பிடித்தது. பெண்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு, ஊதப் பார்த்துக்கொண்டு, கண்ணாடி அதிர அடித்துக்கொண்டிருக்க, எலியேசர் ஓசைப்படாமல் நான்கு காயையும் பழமாக்கிவிட்டு எழுந்து நின்றார்.

“உங்க சண்டையில பொழைச்சேன். நான் வர்றேன் கொமாத்ரே.”

அவர் போனார். சொராய்தாவும் “அடுத்த ஞாயிறு பாக்கலாம்” என்று பின்கட்டுக்குப் போனாள். கோயிலில் ஐந்து மணி அடித்தது. மிசாயெலும் எதுவீனாவும் மட்டும் மேசையில் இருந்தார்கள். மிசாயெலின் நீலக் காய் இன்னும் சிறையில் கிடந்தது. கடைசிவரை அவருக்கு ஜோடி விழவில்லை. எதுவீனா ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தாள்.

“எதுவீனா” என்றார் அவர். “தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணும் நடக்கல.”

“நடக்கலன்னு தெரியும். அவங்க நடக்க விடல.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “இனிமே அவங்களை விட மாட்டேன். வெட்டுறேன். சத்தியமா” என்றார்.

“வெட்டுங்க, விடுங்க, உங்க இஷ்டம். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.” துடைத்த கை நிற்கவில்லை. “இருபத்து மூணு வருஷமாச்சு. ஒரு தடவையாவது என் காயை, வேணும்னே, மனசு வராம, விட்டிருக்கீங்களா?”

மிசாயெல் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு உண்மையாகவே கேள்வி விளங்கவில்லை.

“நீங்க எதுவீனாவாச்சே” என்றார். “உங்களை விட்டா நீங்க ஊதிடுவீங்களே?”

அவள் துணியைக் கீழே வைத்தாள்.

“ஊதியிருப்பேன்” என்றாள். “விட்டுப் பாத்திருக்கலாம்ல?”

எதுவீனா காய்களை நிறம் நிறமாகப் பிரித்துப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, நாளைக்கு வேண்டிய சோளத்தை ஊறவைக்க எழுந்து போனாள்.